கனமான தண்ணீர்

கிளப்பில் அவளை யாரும் ஜூதிகா என்று கூப்பிட்டதில்லை. கடிகாரம் என்றுதான் கூப்பிட்டார்கள்.

கேலியாக ஆரம்பித்த பெயர் அது. வடக்குக் கல்கத்தாவில் கம்பி வேலிக்குள் கிடந்த அந்தக் குளத்தில் கிழக்கே ஒன்றும் மேற்கே ஒன்றுமாக இரண்டு மரமேடைகள் இருந்தன. மேடையின் முன்பக்கத்திலிருந்து பலகைகள் தண்ணீருக்குள் இறங்கும். ஒரு பலகையிலிருந்து புறப்பட்டு எதிர்ப் பலகையைத் தொட்டால் ஐம்பது மீட்டர். பயிற்சியாளர் ஹரிசாதன் குண்டுவை எல்லாரும், சாதன் அண்ணன் என்ற அர்த்தத்தில், சாதன்தா என்பார்கள். அவர் கிழக்கு மேடையில் ஒரு கையில் ஸ்டாப்வாட்சும் மறுகையில் கட்டையுமாக நின்று, முப்பத்தொன்பது நொடிக்கு ஒருமுறை பழைய பிஸ்கட் டின் ஒன்றைத் தட்டுவார். ஒவ்வொரு தட்டுக்கும் நீந்துகிறவள் ஒரு நீளத்தை முடித்திருக்க வேண்டும். மற்றப் பெண்கள் முதல் இரண்டு நீளங்களில் டின்னை முந்திக்கொண்டு போவார்கள். ஐந்தாவதில் அதைத் துரத்திக்கொண்டு வருவார்கள். ஜூதிகாவின் கை மட்டும் எட்டு நீளத்துக்கும் சத்தத்தோடு சேர்ந்தே பலகையில் விழும்.

"டின்னை இவ தட்டுறாளா, நான் தட்டுறேனா?" என்று சாதன்தா ஒருநாள் கேட்டார். அன்றிலிருந்து கடிகாரம்.

சாதன்தா சாயங்காலங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். நீச்சலும் அவருக்குக் கணக்குதான். "நானூறு மீட்டரை எவளும் நீந்த முடியாது. ஐம்பது மீட்டரை எட்டுத் தடவை நீந்தலாம். மொத நூறுல உன்னைப் பாத்தா சோம்பேறின்னு சொல்லணும். கடைசி நூறுல பக்கத்துல வர்றவளைப் பாத்து அப்படிச் சொல்லணும்" என்பார். அவர் இந்தக் கிளப்புக்கு வந்த வருஷமே எல்லாருடைய நேரமும் குறைந்தது. நூறு மீட்டரில் நாலு நொடி, சிலருக்கு ஐந்து நொடி. அதற்குமுன் இருந்த பயிற்சியாளர் கத்த மட்டுமே தெரிந்தவர். சாதன்தாவின் டின்னுக்கு வந்த பெயர் அந்த வட்டாரத்தில் வேறு எவருடைய மெடலுக்கும் வந்ததில்லை.

ஜூதிகா அந்த வருஷம் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தாள். அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. ஒரு பருவம் முழுக்கத் தண்ணீரில் இறங்கவில்லை. அடுத்த சித்திரையில் வந்து நீந்தியபோது அவளும் முன்பைவிட வேகமாக இருந்தாள். நோய் வந்து உடம்பு இளைத்ததால் லேசாகிவிட்டது என்று அவள் அம்மா சொன்னாள். டின்னால் என்று கிளப்பில் சொன்னார்கள். இரண்டையும் அவள் நம்பினாள்.

இப்போது அவளுக்கு இருபத்து நான்கு. வீட்டில் அப்பாவின் சணல் ஆலை இரண்டு வருஷமாகக் கதவடைத்துக் கிடந்தது. அவர் தினமும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு ஆலை வாசல்வரை போய், பூட்டைப் பார்த்துவிட்டு வருவார். அம்மா அப்பளம் இட்டாள். ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வருஷத்துக்கு ஒரு நீச்சல்காரியை எழுத்தராக எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானூறு மீட்டரை ஐந்து நிமிஷம் இருபது நொடிக்குள் முடிக்கிறவர்களில் முதலில் வருகிறவளுக்கு வேலை. இருபத்தைந்து வயது தாண்டக்கூடாது. மார்கழியில் ஜூதிகாவுக்கு இருபத்தைந்து முடிகிறது. தேர்வு துர்கா பூஜைக்கு முன்னால், புரட்டாசியில். அவளுக்கு இருந்தது அந்த ஒரு தேர்வுதான்.

"ஐந்து இருபதை எட்டால வகு" என்றார் சாதன்தா, பருவம் தொடங்கிய முதல் நாளில்.

"நாப்பது."

"நீ இப்ப எவ்வளவுல வர்ற?"

"முப்பத்தொம்பது."

"அப்ப எட்டு நொடி கையில இருக்கு. நாளைக்கே ரயில்வேக்காரன் வந்து நின்னாலும் உனக்குத்தான் வேலை. புரட்டாசி வரைக்கும் இதைக் கெடுக்காம வச்சுக்கிட்டாப் போதும்."

ஜூதிகா துண்டால் காதைத் துடைத்துக்கொண்டே நின்றாள். அவளுக்குள் ஒரு கேள்வி இருந்தது. கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கமும் இருந்தது.

அந்தக் கிளப்பில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. குளத்துத் தண்ணீர் லேசு. வெளியே சலவைக்கல் பதித்துக் கட்டிய நீச்சல் குளங்களின் தண்ணீர் கனம். கிளப்பிலிருந்து யார் போட்டிக்குப் போனாலும் நூறு மீட்டரில் நாலு நொடி அதிகமாகித் திரும்பி வந்தார்கள். செயலாளர் மிஹிர் லாஹா அதற்குக் காரணமும் சொல்வார். "மருந்து கலக்குறான்ல, அந்த மருந்து தண்ணியைத் தடிப்பாக்குது. நம்ம குளத்துத் தண்ணி மழைத் தண்ணி. பஞ்சு மாதிரி." டீக்கடையில் இதைக் கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். தண்ணீரைக் கையில் அள்ளி எடை பார்ப்பதுபோல் காட்டுகிற வித்தைக்காரர்களும் இருந்தார்கள்.

"சாதன்தா, வெளித் தண்ணியில நூறுக்கு நாலு நொடி கூடுதுல்ல? அப்ப நானூறுக்கு பதினாறு ஆகாதா? எனக்கு அஞ்சு இருபத்தெட்டு வருமே" என்று ஜூதிகா கேட்டே விட்டாள்.

சாதன்தா ஸ்டாப்வாட்சின் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

"கனம் மொத நூறுலதான் தெரியும். அப்புறம் ஒடம்பு பழகிடும். நாலு நொடியை எடுத்துப் போட்டாலும் அஞ்சு பதினாறு. இன்னும் நாலு கையில இருக்கே."

"இருந்தாலும் ஒரு நொடி கொறைச்சு, முப்பத்தெட்டுக்கு டின் தட்டுங்களேன். பழகிக்கறேன்."

"முப்பத்தெட்டுல ஓட்டி, காமாலை கண்ட ஈரலை வச்சுக்கிட்டு ஆவணியில படுத்துக்கப் போறியா? கணக்குப் போடுறது என் வேலை. நீ தொடுறதோட நிறுத்து."

அவள் நிறுத்திக்கொண்டாள். கணக்கு வாத்தியார் ஒருவர், நாலும் நாலும் நாலும் நாலும் சேர்ந்து நாலுதான் ஆகும் என்று சொல்கிறார். அது அவளுக்கு உறைக்காமல் இல்லை. ஆனால் ஆறு வருஷமாக அவர் தட்டிய ஒவ்வொரு தட்டும் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

ஐந்து மாதம் முப்பத்தொன்பதிலேயே நீந்தினாள். விடியற்காலையில் கடுகெண்ணெயைப் பூசிக்கொண்டு இறங்குவாள். கரையேறியதும் ஊறவைத்த கொண்டைக்கடலையும் இஞ்சியும் ஒரு துண்டு வெல்லமும். கெண்டைகள் காலில் முட்டும் அந்தப் பச்சைத் தண்ணீரில் நாற்பத்து நான்கு கைவீச்சில் ஒரு நீளம் முடியும். எண்ணாமலே தெரியும் அவளுக்கு. நாற்பத்து நான்காவது வீச்சில் விரல் பலகையைத் தொடும். ஆவணியில் நடந்த கிளப் ஆண்டுவிழாவில் ஐந்து பன்னிரண்டில் முடித்தாள். கிளப் சாதனை. லாஹா பாபு கோப்பையைக் கொடுத்தார். சாதனைப் பலகையில் பெயிண்டர் அவள் பெயரை வெள்ளை எழுத்தில் எழுதினார். அப்பா அன்று ஆலை வாசலுக்குப் போகவில்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார்.

தேர்வு நாளில் அம்மாதான் கூட வந்தாள். தென் கல்கத்தாவுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். வாசலிலேயே ஒரு காவல்காரி ஜூதிகாவின் கையைத் தடவிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"என்னடி இது, வறுக்கப்போற மீன் மாதிரி எண்ணெயைப் பூசிட்டு வந்திருக்கே? இதோட உள்ளே எறங்கினா குளத்தை நாந்தான் கழுவணும். போ, சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா."

கழுவினாள். உடம்பு தன்னுடையதாக இல்லாதது போலிருந்தது. குளத்தின் அடிவரை தெரிந்தது. சுவரில் தட்டு அளவு கடிகாரம் ஒன்றில் நொடிமுள் சுற்றிக்கொண்டிருந்தது. டின் இல்லை.

விசில் ஊதியதும் குதித்தாள். சோம்பேறிபோல, சொல்லிக்கொடுத்தபடியே நீந்தினாள். உடம்பு முப்பத்தொன்பது என்றது. ஆனால் சுவரைத் தொட்டுத் திரும்பியபோது முள் நாற்பத்தொன்றில் நின்றது. கனம், என்று நினைத்துக்கொண்டாள். இரண்டாவது நீளத்தில் கொஞ்சம் இழுத்தாள். நாற்பது. பழகிவிடும் என்றார், ஏன் இன்னும் பழகவில்லை? மூன்றாவதில் தன்னிடம் இருந்ததையெல்லாம் எடுத்துக் கொட்டி முப்பத்தொன்பதைப் பிடித்தாள். நாலாவதிலும் பிடித்தாள். இருநூறு மீட்டரில் அவள்தான் முதலில் இருந்தாள். மேலே அம்மா எழுந்து நின்று கைதட்டியதை மூச்செடுக்கத் திரும்பியபோது பார்த்தாள்.

ஐந்தாவது நீளத்தில் தோள்கள் இரும்பாகின. ஆறாவதில் கால்கள் வரவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் பெண்கள் அவளைத் தாண்டினார்கள். அவர்களில் ஒருத்தி ஆரம்பத்தில் எல்லாருக்கும் பின்னால், சோம்பேறிபோல நீந்தியவள். கடைசிச் சுவரைத் தொட்டபோது ஜூதிகாவுக்கு மேலே ஏற முடியவில்லை. காவல்காரிதான் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

ஐந்து முப்பத்து மூன்று. சோம்பேறிபோல நீந்தியவள் ஐந்து பதினெட்டில் முடித்து வேலையை எடுத்துக்கொண்டு போனாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜூதிகா ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு முதல் நீளத்தை மறுபடி நீந்திப் பார்த்தாள். பதட்டம் வருவதற்கு முந்திய நீளம் அது ஒன்றுதான். நாற்பத்து நான்காவது வீச்சில் கையை நீட்டினாள், சுவர் இல்லை. இன்னும் ஒன்று. இன்னும் ஒன்று. அப்புறம்தான் சுவர். தண்ணீர் கனமாக இருந்தால் ஒவ்வொரு வீச்சுக்கும் நேரம் கூடும். சுவர் எதற்காகத் தள்ளிப்போகும்?

மறுநாள் காலை, யாரும் வருவதற்குமுன், வீட்டு முற்றத்தில் பல வரிசையாகக் கட்டியிருந்த துணிக்கொடி நைலான் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு குளத்துக்குப் போனாள். ஒரு நுனியைக் கிழக்குப் பலகையின் ஆணியில் கட்டினாள். மறுநுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு நீந்தி, மேற்குப் பலகையில் விறைப்பாக இழுத்துப் பிடித்து, தொட்ட இடத்தில் முடிச்சுப் போட்டாள். பிறகு ஈரக் கயிற்றைத் தோளில் சுருட்டிக்கொண்டு தெருமுனை ஜவுளிக்கடைக்குப் போய், துணி அளக்கும் மீட்டர் கம்பியைக் கொஞ்சம் தர முடியுமா என்று கேட்டாள்.

"என்னம்மா, கயித்துல புடவை கட்டப்போறியா?" என்று கடைக்காரர் சிரித்தார். ஆனாலும் கம்பியை எடுத்துக்கொண்டு தானே வந்து நடைபாதையில் அளந்து கொடுத்தார். "நாப்பத்தேழரை. வேணும்னா இன்னொரு தடவை அளக்கலாம்."

இன்னொரு தடவையும் நாற்பத்தேழரைதான்.

அவளுக்கு எல்லாம் ஒரேயடியாகப் புரிந்தது. அவள் காமாலையில் கிடந்த வருஷம், வைகாசிப் புயலில் மேற்கு மேடை சாய்ந்து விழுந்திருந்தது. மேடையைத் தாங்கிய பழைய மர முளைகள் சேற்றில் புதைந்து, பிடுங்க வரவில்லை. பூஜை முடிந்து கரைக்கிற சிலைகளின் வைக்கோலும் மூங்கிலும் வருஷா வருஷம் அந்தப் பக்கத்தில்தான் சேர்ந்து இறுகிப்போயிருந்தன. ஆகவே முளைகளை அங்கேயே விட்டுவிட்டு, அவற்றுக்கு முன்னால் புது முளைகளை அடித்து மேடை கட்டினார்கள். சாதன்தா வந்ததும் அந்த மாதம்தான். எல்லாருடைய நேரமும் குறைந்ததும் அந்த மாதம்தான்.

நாற்பத்தேழரை மீட்டருக்கு முப்பத்தொன்பது நொடி. கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு, கடைப் படியில் உட்கார்ந்து மனசிலேயே கணக்குப் போட்டாள். ஐந்து இருபதுக்குள் வர, இந்தக் குளத்தில் அவள் எவ்வளவில் தொட்டிருக்க வேண்டும்? முப்பத்தெட்டு. வித்தியாசம் ஒரு நொடி. முதலில் வந்தவளை முந்த அதோடு இன்னொரு கால் நொடி. நேற்றைக்கு அவள் எப்படி நீந்தியிருந்தாலும் தோற்றிருப்பாள். நிதானமாக நீந்தியிருந்தால் ஐந்து இருபத்தெட்டில் தோற்றிருப்பாள், அவ்வளவுதான். அவள் தோற்றது சித்திரையிலிருந்து ஆவணி வரைக்கும், ஒவ்வொரு காலையும், டின் சத்தத்தோடு சேர்ந்து சரியாகத் தொட்டபோது.

லாஹா பாபுவிடம் போய்ச் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார். அப்புறம் கயிறு நனைந்தால் சுருங்கும் என்றார். நைலான் சுருங்காது என்று அவள் சொன்னதும், தோற்றவர்கள் எல்லாருக்கும் ஏதோ ஒன்று சுருங்கித்தான் தெரியும் என்றார். ஆனால் ஜவுளிக்கடைக்காரர் வாய் சும்மா இருக்கவில்லை. டீக்கடையில் பேச்சு கிளம்பிவிட்டது. கிளப் கமிட்டியே முன்னின்று, எல்லார் முன்னிலையிலும் குளத்தை அளப்பது என்று முடிவாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அளந்தார்கள். சிங்காரா என்கிற சமோசாவும் டீயும் வரவழைத்திருந்தார்கள். கமிட்டிக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடைகளில் ஏறினார்கள். நாடாவின் ஒரு நுனியை லாஹா பாபுவின் மைத்துனர் மேற்கு மேடையில் பிடித்தார். மறுநுனியைக் கிழக்கில் சாதன்தா பிடித்தார். மைத்துனர் தண்ணீர்ப் பக்கம் வரவே இல்லை. மேடையில் ஏறும் படிக்கட்டருகே, கரைப்பக்கத்து விளிம்பில் நாடாவை வைத்து மண்டியிட்டார். எதிரே சாதன்தாவும் அப்படியே பின்னால் நகர்ந்து கரைப்பக்கத்து விளிம்புக்குப் போனார்.

"ஐம்பது மீட்டர், நாலு விரல்!" என்று லாஹா பாபு கத்தினார். கைதட்டினார்கள்.

ஜூதிகா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "பலகையிலேருந்து பலகைக்கு அளங்க. நாங்க என்ன மேடைமேல நடந்து போயா தொடுறோம்?"

"ஏம்மா, மேடையும் நம்ம கிளப் மேடைதானே? நாலு விரல் கூடவே குடுத்திருக்கோம், அதையும் வச்சுக்க." கூட்டம் சிரித்தது. லாஹா பாபு குரலைத் தாழ்த்தி, எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்: "வேலை கெடைக்கலைன்னா வருத்தம் இருக்கும், எனக்குப் புரியுது. அதுக்காகப் பால் குடிச்ச மடியைக் கடிக்கலாமா?"

பெண்களில் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று அவள் திரும்பிப் பார்த்தாள். எல்லாருடைய பெயரும் அந்தச் சாதனைப் பலகையில் இருந்தது. ஒருத்தி குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். இன்னொருத்தி சிங்காராவை ஊதி ஊதிச் சாப்பிட்டாள். சாதன்தா நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நாடாவைச் சுருட்டுவது அவ்வளவு கவனமாகச் செய்ய வேண்டிய வேலையா என்று ஜூதிகாவுக்குத் தோன்றியது.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனாள். உள்ளே பிள்ளைகள் பின்னக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். சாதன்தா வாசலுக்கு வந்து கதவைப் பின்னால் சாத்தினார்.

"ஒங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"மெதுவாப் பேசு."

"எப்போலேருந்து?"

"ரெண்டாவது வருஷத்துலேருந்து. வெளியில போற எல்லாருக்கும் ஒரே மாதிரி நாலு நொடி கூடுச்சு. பயம்னா ஒருத்திக்கு ரெண்டு, ஒருத்திக்கு எட்டுன்னு கூடும். எல்லாருக்கும் நாலுன்னா அது தூரம்." அவர் இதை வகுப்பெடுப்பதுபோலவே சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது உறைத்ததுபோல் நிறுத்திக்கொண்டார்.

"முப்பத்தெட்டுக்குத் தட்டச் சொன்னேனே. ஒரு நொடிதானே, சாதன்தா? காரணம்கூடக் கேட்டிருக்க மாட்டேன்."

"நீ கேட்டிருக்க மாட்ட. மத்தவங்க கேட்டிருப்பாங்க. டின் எதுக்கு மாறுதுன்னு கேட்டா அளக்கணும். அளந்தா பலகையில ஒரு பேரும் நிக்காது. நான் மட்டும் என்ன மிச்சம்? இந்தப் பசங்க எதுக்கு எங்கிட்ட வர்றாங்கன்னு நெனைக்கற? டின் தட்டுற சாதன்தாகிட்ட படிச்சா கணக்கு வரும்னு வர்றாங்க." சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தார். "நீ எப்படியும் அடிச்சிடுவேன்னுதான் நெனச்சேன், ஜூதி. சத்தியமா நெனச்சேன்."

ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அது அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"நாலு நாலு எவ்வளவுன்னு உள்ளே இருக்கற பசங்களுக்காவது சரியாச் சொல்லிக்குடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள்.

மார்கழியில் அவளுக்கு இருபத்தைந்து முடிந்தது. ஆலை திறக்கவில்லை. மறுவருஷம், ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் பெயரும் வயதும் எழுதிக்கொள்ளும் வேலை கிடைத்தது. கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்து நின்றது. அப்பா படுக்கையில் விழுந்தார். அம்மாவின் அப்பளமும் அவளுடைய சம்பளமும் வீட்டை ஓட்டின. குளத்தில் அதன்பிறகு அவள் இறங்கவில்லை. தன் பெயரை மட்டும் பலகையிலிருந்து அழித்துவிடச் சொல்லி ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள். ஒரு பெயரை அழித்தால் ஏன் என்று கேட்பார்கள், முடியாது என்றார்கள்.

சில வருஷம் கழித்து நகராட்சி அந்தக் குளத்தைத் தூர் வாரியது. இயந்திரம் வந்து பழைய முளைகளையெல்லாம் பிடுங்கிப் போட்டது. பழைய வரைபடத்தைப் பார்த்து, பழைய இடத்திலேயே இரண்டு பக்கமும் கான்கிரீட் மேடை கட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். யாரும் எதையும் கேட்காமலே குளம் ஐம்பது மீட்டராகிவிட்டது. அந்த வருஷம் கிளப்பில் எல்லாருடைய நேரமும் கூடியது. லாஹா பாபுவுக்கு அதற்கும் காரணம் இருந்தது. "தூர் வாரி ஆழமாக்கிட்டான்ல? தண்ணி கனமாயிடுச்சு." பலகையில் இருந்த பழைய நேரங்களை ஒருத்தியாலும் நெருங்க முடியவில்லை.

ஒரு சாயங்காலம், பரிசோதனை நிலையத்தின் கவுண்டரில், ஈரத்தலையும் தோளில் பையுமாக ஒரு பெண் வந்து நின்றாள். பதினேழு பதினெட்டு வயது இருக்கும்.

"நீங்கதானே கடிகாரம்?"

அந்தப் பெயரை இன்னொருவர் வாயால் கேட்டு ஜூதிகாவுக்கு வெகுநாளாயிற்று. "ஜூதிகா பாஞ்ஜா. ஒன் பேரு?"

"பியாலி தர். கிளப்புல நீந்தறேன். சாதன்தா தெனமும் ஒங்களைத்தான் சொல்றாரு. இதே தண்ணியில கடிகாரம் அஞ்சு பன்னெண்டு போட்டாளே, ஒனக்கு என்னடி கொள்ளைன்னு." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "எனக்கு அஞ்சு இருபத்து நாலுக்குக் கீழ வரவே மாட்டேங்குது. ரெண்டு வருஷமா அதே எடத்துல நிக்கறேன். வீட்டுல இந்த மாசத்தோட போதும்னுட்டாங்க. பன்னெண்டு நொடியை எப்படிக் கொறைக்கறதுன்னு ஒங்களைக் கேட்டுட்டு அப்புறம் விட்டுடலாம்னு..."

ஜூதிகாவுக்கு அந்த இடத்திலேயே கணக்கு முடிந்துவிட்டது. அவளுடைய முப்பத்தொன்பது, உண்மையான ஐம்பது மீட்டரில் ஐந்து இருபத்தெட்டு. எதிரே நிற்கிற பெண் ஐந்து இருபத்து நாலு.

"அந்தக் குளம் அப்ப ஐம்பது மீட்டர் இல்லை, பியாலி. நாப்பத்தேழரை. மேடையை முன்னால தள்ளிக் கட்டியிருந்தாங்க. நான் அளந்து பாத்தேன்." கவுண்டர் கம்பிக்குள்ளிருந்து முடிந்தவரை முன்னால் குனிந்தாள். "அஞ்சு பன்னெண்டை நான் என்னைக்குமே நீந்தினதில்லை. நீ என்னைவிட நாலு நொடி வேகம். புரியுதா? அந்தக் கிளப்புல நானூறுல ஒன்னைவிட வேகமா எவளும் நீந்தினதில்லை. ரயில்வே வேலைக்கு அஞ்சு இருபது போதும், ஒனக்குக் கொறைக்க வேண்டியது பன்னெண்டு இல்லை. நாலுதான்."

பியாலி அவளையே பார்த்தாள். பிறகு, சாவு வீட்டில் ஆறுதல் சொல்ல வந்தவர்களிடம் வீட்டுக்காரர்கள் பணிவாகத் தலையாட்டுவதுபோல் தலையாட்டினாள்.

"சாதன்தா சொன்னாரு. நீங்க ரொம்ப நல்லவங்க, கேட்டா இப்படித்தான் ஏதாவது சொல்லுவீங்கன்னு."

பின்னால் நின்ற கிழவர் பொறுமை இழந்து, டாக்டர் கொடுத்த சீட்டைக் கம்பி வழியாக உள்ளே நீட்டினார். பியாலி அவருக்கு வழிவிட்டு விலகினாள். ஜூதிகா எழுந்து நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். தெருவில் பஸ் சத்தமாக இருந்தது. அந்தப் பெண் திரும்பிப் பார்க்கவில்லை.